கேளம்பாக்கத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு மேகம்

வேலையில் சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு நீலச் சட்டை, கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டை, அணுவின் வரலாற்றைச் சொல்வதற்கான வசனம் எல்லாம் கொடுத்திருப்பார்கள். சட்டை முதல் துவையலில் சுருங்கும். வசனம் முதல் ஊரிலேயே சுருங்கும். இரண்டுக்கும் கவலைப்படாதீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது.

நான் செங்கல்பட்டுக்காரி. இயற்பியல் படித்துவிட்டு, ஓய்வு பெறும்வரை நடமாடும் அறிவியல் கண்காட்சிப் பேருந்தில் விளக்குநராக இருந்தேன். இப்போது நீங்கள் ஏறப்போகும் அதே பேருந்துதான். இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் காட்சிப் பொருள்களை வைத்திருப்பார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரை நெடுக ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் நின்று, அணு என்றால் என்ன என்பதை மனிதர்கள் எப்படிப் படிப்படியாகத் தெரிந்துகொண்டார்கள் என்று காட்டுவது எங்கள் வேலை.

முன்வாசலில் ஏறினால் அணு ஒரு கெட்டியான குண்டு. இரண்டடி நடந்தால் தர்பூசணி. சதையெல்லாம் நேர்மின்சாரம், விதையெல்லாம் எலக்ட்ரான். அதற்கடுத்து தங்கத் தகடு. அதன்மேல் துகள்களை எறிந்து பார்த்தவர் திகைத்துப்போய்த் தர்பூசணியைத் தூக்கிக் கடாசிய இடம். பிறகு சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி எலக்ட்ரான்கள். அதற்கும் அப்பால், கோளும் இல்லை பாதையும் இல்லை, எலக்ட்ரான் அலை மாதிரி பரவியிருக்கிறது என்று சொல்லும் ஒரு மங்கலான படம். முன்னவர் சொன்னதைப் பின்னவர் தப்பு என்று சொல்லிக்கொண்டே போகும் கதை இது. மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயர்களை நான் சொல்வதே இல்லை. சொன்னால் "பரீட்சைக்கு வருமா மிஸ்?" என்பார்கள், கதை அங்கேயே செத்துவிடும்.

பின்வாசலுக்குப் பக்கத்தில் மேகப் பெட்டி. மீன் தொட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அடியில் டிரை ஐஸ், உள்ளே சாராய ஆவி, பக்கவாட்டில் ஒரு விளக்கு. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று உள்ளே பாய்ந்தால், போன வழியெல்லாம் ஆவி துளித்துளியாகத் திரண்டு ஒரு வெள்ளைக் கோடு விழும். ஆகாய விமானம் போன பிறகு வானத்தில் நிற்குமே, அந்த மாதிரி. இதைச் செய்தவர் மலை உச்சியில் நின்று மேகங்களைப் பார்த்துச் சொக்கிப்போனவர். வீட்டுக்குள் ஒரு மேகம் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மேகம் செய்யப் போய் அணுவின் உள்விவகாரம் அகப்பட்டது.

எங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர் ஏசிக்காக ஏறுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

அஞ்சலையும் அப்படி ஏறியவர்தான். அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைச் சுவருக்கு எதிரே பேருந்தை நிறுத்தியிருந்தோம். நல்ல வெயில். ஐம்பது வயசு மதிக்கத்தக்க அம்மாள், மீன் விற்பவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தர்பூசணியையும் தங்கத் தகட்டையும் ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டி வந்தார். மேகப் பெட்டி முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, பூனை மீசை மாரி வந்து வந்து பூடுது?"

"கதிர்வீச்சும்மா. எப்பவும் இருக்கறதுதான். வானத்துலேர்ந்து வருது, மண்ணுலேர்ந்தும் கொஞ்சம் வருது. நம்ம கண்ணுக்குத் தெரியாது, இந்தப் பெட்டிதான் காட்டுது."

அவருக்கு அது பிடித்துப் போயிற்று. குனிந்து நெடுநேரம் பார்த்தார். வாசலில் நின்ற தன் கூட்டாளியைத் திரும்பிக் கூப்பிட்டார். "அடியே, இங்க வாடி! கதிர்வீச்சு நம்மூர்ல கண்ணுக்கே தெரியுதுடி! காரப்பொடி மீனு மாரி நீந்திகினுகீது!"

பேருந்தே சிரித்தது. யாரோ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மறுநாள் நெம்மேலியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தோம். ஓட்டுநர் எத்திராஜ் செல்போனை நீட்டினார். "மேடம், நம்ம வண்டி வாட்ஸாப்புல வந்துகினுகீது. பேஜாரா பூட்ச்சு."

அஞ்சலையின் குரல். வெள்ளைக் கோடுகள். என் விளக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: அணுமின் நிலையத்துப் பக்கம் கசிவு, மீன் வாங்காதீர்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள்.

நான் அதைப் பார்த்து முடிக்கவில்லை, பின்வாசலில் தட் என்று ஏதோ விழுந்த சத்தம். மீன் நிறைந்த அன்னக்கூடை. அதற்குப் பின்னால் அஞ்சலை. கேளம்பாக்கம் அடுக்குமாடிகளில் அவருக்கு வாடிக்கை உண்டு. அன்று காலை காவலாளி கேட்டுக்குள்ளேயே விடவில்லை. திரும்பிப் போகும் வழியில் பஸ் ஜன்னலிலிருந்து எங்கள் வண்டியைப் பார்த்து, கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார்.

"இந்தா, எல்லாத்தையும் நீயே வெச்சிக்க! சங்கரா கீது, நண்டு கீது, உன் பொட்டிக்குள்ள போட்டு நீந்த வுடு! எங்க கொரலை எங்களுக்கே எமனா ஆக்கிட்டியேம்மா! நான் ஒருத்தின்னா போவுது, குப்பத்துல அத்தினி பொம்பளைங்களும் கூடையோட திரும்பிக்கினு இருக்காளுவ."

உட்கார்ந்து அழுதார். கோபத்தைத் தாங்கிவிடலாம், அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. தன் வாயிலிருந்து வந்த வேடிக்கைப் பேச்சு தன் கூடையையே கவிழ்த்துவிட்டதே என்கிற அழுகை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அணு மாதிரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எத்திராஜ் ஏசியைக் கூட்டினார். சங்கரா வாசனை இன்னும் நன்றாகப் பரவியது.

நான் அலுவலகத்துக்குப் பேசினேன். எங்கள் பொறுப்பாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், விட்டுவிடுகிறேன். அலுவலக உத்தரவு எதையும் வாழ்நாளில் அவர் மீறியதில்லை. மீறாமலே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்வார். அந்தக் கலையை நான் அவரிடம்தான் கற்றேன்.

"மேலேருந்து சொல்லிட்டாங்கம்மா," என்றார். "மேகப் பெட்டியை இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பூட்டி வெச்சிடணுமாம். மறுப்பு அறிக்கை அவங்க குடுத்துக்குவாங்களாம்."

"சார், அறிக்கையை யாரு படிப்பாங்க? பெட்டியைப் பூட்டினா, பாரு, மறைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க."

"உத்தரவு உத்தரவுதாம்மா. சாயங்காலத்துக்குள்ள பூட்டுங்க." கொஞ்சம் இருமினார். "எந்த ஊர்ல வெச்சுப் பூட்டணும்னு மட்டும் அவங்க சொல்லலை."

போனை வைத்துவிட்டார்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன். "கேளம்பாக்கத்துல உங்களை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"சொகுணாம்மா. அந்தம்மாதான் அந்தக் கட்டடத்துக்குச் செகரெட்டரி. கோயம்புத்தூரு. வஞ்சிரம் வாங்கினா வாயாற வாழ்த்தும். இன்னிக்கி அதுகூட எட்டிப் பாக்கல."

போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வசனத்தில் இந்தப் பகுதி ஒரே வரிதான் இருக்கும். எந்தக் கதிர்வீச்சுப் பொருளும் பக்கத்தில் இல்லாதபோதும் கருவிகள் எதையோ காட்டுகின்றனவே, அது எங்கிருந்து வருகிறது என்று அந்தக் காலத்திலும் பெரிய குழப்பம். பூமியிலிருந்துதான் என்று நினைத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து சண்டை போட்டுத் தீரவில்லை. ஒருவர் கருவியை உயரமான கோபுரத்தின் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஒருவர் கடல் நீருக்குள் இறக்கினார். இன்னொருவர் பலூனில் ஏறினார். பூமியை விட்டு மேலே போனால் குறைய வேண்டும்; மேலே போகப் போகக் கூடிற்று. வானத்திலிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கிருந்து என்று சந்தேகம் வந்தால், சந்தேகப்படும் இடத்தைவிட்டுக் கருவியைத் தூரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பலூன் இல்லை. எத்திராஜ் இருந்தார்.

ஆனால் டிரை ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. அது இல்லாமல் பெட்டி வெறும் கண்ணாடி.

"டிரை ஐஸ்னா, கல்யாணத்துல பொண்ணு மாப்ள வரும்போது கால்ல புகை வுடுவாங்களே, அதுவா மேடம்?" என்றார் எத்திராஜ். "கேளம்பாக்கத்துல நம்ம மச்சான் ஒருத்தன் மண்டப டெக்ரேசன் பண்றான்."

மச்சானுக்கு அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்பு வேலை இருந்தது. பாதிப் பெட்டி ஐஸ் கொடுத்தார். ("மாப்பிள்ளைக்கு முட்டி வரைக்கும் புகை வேணும்னாங்க. கணுக்கால் வரைக்கும் வுட்டுக்கிறேன்.") அதில் ஒரு கட்டியைத் தாளில் சுற்றி அஞ்சலையின் கூடைக்குள்ளும் வைத்தேன். மீன் என்ன தப்பு செய்தது?

டிரை ஐஸை லிஃப்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மூடின இடத்தில் மூச்சுத் திணறும். ஆகவே மூன்றாவது மாடிக்குப் படியில் ஏறினோம். முன்னால் பெட்டியோடு நான், பின்னால் ஐஸோடு எத்திராஜ், கடைசியில் புகை கக்கும் மீன் கூடையோடு அஞ்சலை. காவலாளி தடுக்கத்தான் வந்தார். புகையைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, ஏனோ கும்பிட்டார்.

கதவைத் திறந்த சுகுணாவுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் ஹெட்போன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள். அஞ்சலையைப் பார்த்ததும் முகம் சங்கடப்பட்டது.

"அஞ்சலைக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லா வீட்லயும் கொழந்தைங்க இருக்குதுங்க. செகரெட்டரின்னா நான்தானுங்களே பதில் சொல்லோணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க கவர்மெண்ட் சைடு ஆளுதானுங்களே மேடம்? ஒண்ணுமில்லைன்னுதான சொல்லுவீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலைங்க. நீங்களே பாருங்க. பெட்டியை எங்க வைக்கணும்னு நீங்க சொல்லுங்க."

யோசித்தார். "டைனிங் டேபிள்ல வைங்க."

வைத்தேன். ஐஸை அவரையே கையுறை போட்டு அடுக்கச் சொன்னேன். விளக்கை அவர் கையில் கொடுத்தேன். அதற்குள் எதிர்வீட்டுக்காரர்களும் மேல்வீட்டுக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். பெட்டிக்குள் மெல்லிய மூடுபனி இறங்கியது. எல்லாரும் குனிந்தார்கள். ஒரு கோடு. இன்னொன்று. குட்டையாகக் கொழுத்த ஒன்று. முறுக்கிக்கொண்டு போன ஒன்று.

"அய்யோ!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "நம்ம கட்டடத்துக்குள்ளயும் வந்திருச்சு!"

வதந்தியைக் கொல்ல வந்தவள் அதை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேனோ? நாலைந்து செல்போன்கள் உயர்ந்துவிட்டன. ஒரு நொடியில் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தத் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் கதை முடிந்தது.

"எடுங்க, எல்லாரும் நல்லா எடுங்க," என்றேன். "ஆனா பாதியில நிறுத்தாதீங்க. எங்கேருந்து வருதுன்னு கேட்டுட்டு நிறுத்துங்க."

பலூன் கதையைச் சொன்னேன். வசனமாக அல்ல, அவர்கள் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அதற்குப் பதிலாக. அணு உலை என்று ஒன்றை யாரும் கனவுகூடக் காணாத நாளிலேயே இந்தக் கோடுகள் இருந்தன என்றேன். கொஞ்சம் வானத்திலிருந்து, கொஞ்சம் சுவரில் இருக்கும் கல்லிலிருந்து. மேல்வீட்டுப் பெரியவர், "பெட்டியை நம்ம மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போயிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் கேட்ட அதே கேள்வி. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுகுணா மட்டும் விளக்கைப் பிடித்தபடி கோடுகளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "ஏனுங்க மேடம், காலேஜ்ல எலக்ட்ரான்ங்கறது அலை மாதிரின்னு சொல்லிக் குடுத்தாங்களே. அலைன்னா பரவத்தான செய்யும்? எப்படி இப்படிக் கோடு போடுது?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. அணுவின் புதுக் கணக்கை எழுதிய இளைஞர் ஒருவரை இதே பெட்டியும் இதே கேள்வியும்தான் தூங்கவிடாமல் அடித்தன. கணக்கில் பாதையே கிடையாது. பெட்டியில் பாதை பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் அவருக்கு உறைத்தது.

"நாம பாக்கறது பாதையே இல்லைங்க," என்றேன். "கிட்டக்கப் பாருங்க, வரிசையாத் துளிங்க. இங்க ஒண்ணு இருந்துது, இங்க ஒண்ணு இருந்துது, அவ்வளவுதான் பெட்டி சொல்லுது. நடுவுல கோடு போட்டுச் சேத்துக்கறது நம்ம கண்ணு. துளி சொல்றதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதேன்னு விஞ்ஞானிங்க பழகிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் விஷயம் வெளங்குச்சு."

சுகுணா விளக்கைத் தாழ்த்தினார். "சரிங்க. அப்ப நேராவே கேக்கறேன். அஞ்சலைக்கா கூடையில இருக்கற மீன் நல்ல மீன், சாப்பிடலாம்னு இந்தப் பெட்டியப் பாத்து உறுதியாச் சொல்லுவீங்களா?"

அஞ்சலை என் முகத்தையே பார்த்தார். ஒரு சொல். அதைச் சொன்னால் கூடை காலியாகிவிடும், குப்பத்துப் பெண்கள் நாளைக்கே கேட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். மீனில் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நம்பினேன். ஆனால் துளி சொல்வதற்கு மேல் சொல்லக்கூடாது என்று அந்தக் கணம்தானே சொல்லி முடித்திருந்தேன்?

"இந்தப் பெட்டியால அதைச் சொல்ல முடியாதுங்க," என்றேன். "மீனைச் சோதிக்கற கருவி வேற. அந்த ஆய்வு முடிவுகளை நீங்க கேட்டு வாங்கலாம், எப்படின்னு நான் சொல்றேன். இந்தக் கோட்டைக் காட்டி யாராச்சும் பயமுறுத்தினா, அதுக்குப் பயப்படாதீங்கன்னு மட்டும்தான் இது சொல்லும்."

"யம்மா!" அஞ்சலை வெடித்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை! சொன்னா வாய் வலிக்குமா ஒனக்கு? படியேறி வந்து என் பொழப்ப நீயே குழி தோண்டிப் பொதச்சிட்டுப் போறியே!"

தப்பு செய்துவிட்டேனோ என்று அந்த நிமிஷம் நினைத்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். எத்திராஜ்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சுகுணா கையுறையைக் கழற்றினார்.

"அஞ்சலைக்கா, வஞ்சிரம் இருக்குதுங்களா?"

அஞ்சலை கூடையையும் சுகுணாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம் ஆமான்னு சொல்லியிருந்தா, பெட்டியோட சேத்து எல்லாத்தையும் கீழ அனுப்பியிருப்பேனுங்க," என்றார் சுகுணா. "இது தெரியும், இது தெரியாதுன்னு பிரிச்சுச் சொல்றாங்க பாருங்க, அவங்க சொன்ன பாதிய நம்பலாம். அந்த வீடியோல இருந்தது வெறும் இந்தக் கோடுதான். இது என் வீட்லயும் இருக்குது. அப்பறம் உங்க மீன மட்டும் எதுக்குங்க ஒதுக்கோணும்? மிச்சக் கேள்வியக் கேக்க வேண்டிய எடத்துல நான் எழுதிக் கேக்கறேன்."

வஞ்சிரம் இல்லை. சங்கராதான் இருந்தது. சுகுணா எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் நண்டை எடுத்தார். எல்லாரும் வாங்கவில்லை, இரண்டு பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். அதையும் உள்ளபடி சொல்ல வேண்டும். ஆனால் சுகுணா முழுவதுமாகப் படம் எடுத்திருந்தார், அஞ்சலை என்னைத் திட்டியது உட்பட. அதை அப்படியே குடியிருப்பின் குழுவில் போட்டார். முதல் வீடியோ போன தூரத்தில் பாதிகூட இது போகவில்லை. கேளம்பாக்கம் வரைக்கும் போனது. அஞ்சலைக்கு அது போதும்.

பொறுப்பாளரின் உத்தரவுப்படி சாயங்காலத்துக்குள் பெட்டியைப் பூட்டியும் விட்டேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கூட்டத்தில் வேலை செய்வது எப்படி என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லுவார்கள். கூட்டம் கலைந்த பிறகு கடைசியாக நிற்கும் ஒருவருக்காகவும் நின்று பாருங்கள்.

எல்லாரும் போயிருந்தார்கள். சுகுணா சமையலறையில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்திராஜ் பெட்டியை எடுக்க வந்தபோது அஞ்சலை வழிமறித்தார். காலியான கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். என்மேல் கோபம் முழுதாகத் தீரவில்லை. என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"மேலேர்ந்து வருதுன்றியே. கூரை, மாடி எல்லாத்தியும் பூந்துகினா வருது?"

"பூந்துதான் வருது."

"அப்போ மன்சாள?"

"மனுஷாளையும்தான். நாம பொறந்ததுலேர்ந்து."

மேல் கண்ணாடிக்கு மேலே தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். செதில் ஒட்டிய கை. கோடுகள் நிற்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நிற்கவில்லை. கைக்கு நேர் கீழே, மூடுபனியில், சாய்வாக ஒரு மெல்லிய கோடு விழுந்து கரைந்தது.

அஞ்சலை மூச்சை இழுத்தார். "என் கையப் பூந்துதான வந்துச்சு அது?"

நான் வாயைத் திறப்பதற்குள் விரலை நீட்டிவிட்டார். "தோ பாரு, இதுக்காச்சும் ஆமான்னு சொல்லு."

"அந்தக் கோடு உங்க கை வழியா வந்துச்சா, பக்கவாட்டுல வந்துச்சான்னு எனக்குத் தெரியாது," என்றேன். அஞ்சலையின் முகம் சுருங்க ஆரம்பித்தது. "ஆனா நாம இங்க நின்னு பேசின நேரத்துல உங்க கையைப் பூந்து எத்தனையோ போயிருக்கு. இப்பக்கூட ஒண்ணு போயிருக்கும். அதுக்கு ஆமா. நிச்சயமா ஆமா."

அவர் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, குப்பம் முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினார்:

"சொகுணாம்மா! இந்தம்மா ஆமான்னு சொல்லிட்ச்சு!"